பீட்டாடினும் தைராய்டும்

உடம்புக்கு வேண்டிய பொருளே அளவு மீறினால் கெடுக்கும் என்பதைத் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியதையும் பெரியவர்களின் முதுகும் மூட்டும் விறைத்துப்போனதையும் கண்ட மண் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அயோடினும் அப்படித்தான். குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கூடினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் தைராய்டு சுரப்பி தடுமாறும்.

அந்தச் சிலரில் முக்கியமானவர்கள் ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்கள். 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் பெண்களில் பலருக்கு மூலக் காரணம் இதுதான். ஆனால் நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்காது.

இனி, புண்ணுக்குப் போடும் அந்தக் காவி மருந்துக்கு வருவோம். பீட்டாடின் என்று நாம் கேட்டு வாங்குவது போவிடோன் அயோடின். பழைய டிஞ்சர் அயோடின் சாராயத்தில் கரைத்தது, பட்டால் உயிர் போகும் எரிச்சல். 1950களில் வந்த இதில் போவிடோன் என்ற பொருள் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கருநீலமாக மாறும். மாவுச்சத்தோடு அயோடின் சேர்ந்ததற்கு அடையாளம் அது. கட்டுத் துணியில் காவி நிறம் வெளுத்திருந்தால், அங்கிருந்த அயோடின் சீழோடும் ரத்தத்தோடும் வினைபுரிந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். திறந்த புண்ணாக இருந்தால் ஒரு பங்கு உடம்புக்குள்ளும் போயிருக்கும்.

எவ்வளவு போகும்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். சட்டப்படி அயோடின் கலந்த உப்பில் 10 கிராமில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். 10 சதவீத போவிடோன் கரைசலின் ஒரு மில்லியில் இருப்பதோ சுமார் 10,000 மைக்ரோகிராம். நல்ல தோல் இதில் மிகச் சிறிதளவையே உள்ளே விடும். ஆகவே அரிவாள் கீறலுக்கு ஒரு முறை தடவுவதற்கோ ஊசி போடுமுன் துடைப்பதற்கோ பயப்படவே வேண்டாம். தைராய்டு இருக்கிறது என்று அழுக்குப் புண்ணை மருந்தில்லாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

தோல் உரிந்த தீப்புண், ஆழமான சர்க்கரைப் புண், படுக்கைப் புண் ஆகியவற்றின் கதை வேறு. அங்கே தடுக்கத் தோல் இல்லை. மருந்தில் நனைத்த துணியை உள்ளே திணித்து, தினமும் கட்டு மாற்றி, வாரக்கணக்கில் இது நடக்கும். அயோடின் வெள்ளமாக வந்தால் தைராய்டு ஹார்மோன் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. வூல்ஃப், சைகாஃப் என்ற இருவர் 1948இல் எலிகளில் கண்டறிந்தது இது. ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் அயோடினை உள்ளே இழுப்பதைக் குறைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடும். ஹாஷிமோட்டோ தாக்கிய சுரப்பி பல நேரம் திரும்புவதில்லை. சோர்வு, மலச்சிக்கல், முகவீக்கம், குளிர் தாங்காமை எல்லாம் கூடும். வீட்டில் சர்க்கரையின் மேல் பழி போடுவார்கள். கழுத்தில் முடிச்சுக் கழலை உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறாக ஹார்மோன் அதிகமாகி, நெஞ்சு படபடக்கலாம்.

சுரப்பி முழுவதும் ஓய்ந்து, மாத்திரையே எல்லா வேலையும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அரைகுறையாக வேலை செய்யும் சுரப்பி உள்ளவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் கட்டு மாற்றும் நர்ஸ் அக்காவிடமோ டாக்டரிடமோ முதல் நாளே, "எனக்குத் தைராய்டு இருக்கு, மாத்திரை போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். பீட்டாடினுக்குப் பதிலாகச் சலைன் விட்டுக் கழுவலாம், தோலுக்குக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி போடலாம். எந்தப் புண்ணுக்கு எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். கண்ணுக்கும் காதுக்குள்ளும் குளோர்ஹெக்ஸிடின் ஆகாது என்பதால் நாமாக மாற்றக் கூடாது. போவிடோன்தான் வேண்டும் என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நீண்டால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எப்போது எடுப்பது என்றும் கேளுங்கள். சிறு சிராய்ப்புக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும்.

இதைப் படித்துவிட்டு அயோடின் உப்பை யாரும் நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி அதை நம்பி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு, தோல் மிக மெல்லியது. அதன் தொப்புளில் பீட்டாடின் தடவும் வழக்கம் வேண்டாம். உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்திருந்தாலே காய்ந்து விழுந்துவிடும். பால் கொடுக்கும் தாய் தன் புண்ணுக்கு நாள்கணக்கில் போட்டாலும் அயோடின் பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.