கிளாம்ப் திறக்கும் நேரம்

கல்லீரல் மாற்று அறுவையில் எந்தக் கட்டம் ஆபத்து என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள். கெட்டுப்போன கல்லீரலை எடுக்கும்போதுதான் என்று அவர்களே நினைத்துக்கொள்வதும் உண்டு. மயக்க மருத்துவரான எனக்குப் பெரிய பயம் அதற்கப்புறம்தான். புதுக் கல்லீரலைத் தைத்து, ரத்தக் குழாய்களை அடைத்திருந்த கிளாம்பை எடுத்து ரத்தம் விடும் முதல் ஐந்து நிமிடம்.

அதுவரை அந்தக் கல்லீரல் ஐஸ் குளிரில், பெரும்பாலும் பொட்டாசியம் நிறைந்த திரவத்தில் இருந்திருக்கிறது. குடலில் தேங்கிய ரத்தத்தில் அமிலமும் ஏறியிருக்கும். மதகு திறந்ததுபோல எல்லாம் ஒரே மூச்சில் இதயத்துக்குப் பாயும். இதயம் தளரும், ரத்தக் குழாய்கள் விரியும். மணிக்கட்டுத் தமனியில் செருகிய மெல்லிய குழாய் ஒவ்வொரு துடிப்பையும் மானிட்டரில் அலையாகக் காட்டும். அந்த அலை கண்ணெதிரே படுத்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் சராசரி அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கி, ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால் அதைத் தனிச் சிக்கலாகக் கொள்ள வேண்டும் என்று 1987இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் வகுத்தார்கள்.

இப்படி மயக்கத்தில் எதைக் கவனிப்பது என்ற விவாதம் எங்கள் ஹைதராபாத்துக்குப் பழையது. அன்றைய மயக்க மருந்தான குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்று 1888, 1889இல் நிஜாம் ஆதரவில் இரண்டு ஆணையங்கள் இங்கே ஆராய்ந்தன. மூச்சைப் பார்த்தால் போதும் என்றார் அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையின் எட்வர்ட் லாரி. இதயமும் திடீரென்று நின்றுவிடும் என்பதை 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர் பூனைகளில் காட்டினார். அஃப்சல்கஞ்சின் வாரிசான உஸ்மானியா அரசு மருத்துவமனையில் இன்று கல்லீரல் மாற்றே நடக்கிறது.

இந்த அழுத்தச் சரிவுக்கான வைத்தியம் கிளாம்ப் திறக்கும் முன்பே தொடங்கிவிட வேண்டும். பொட்டாசியத்தை இறக்கி, கால்சியம் ஏற்றி, நார்அட்ரினலின் ஓடவிட்டு, அட்ரினலின் சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பேன். சர்ஜன் கல்லீரலை அலசிவிட்டு, "திறக்கட்டுமா?" என்பார். எண்கள் சரியில்லையென்றால், "பொறுங்க சார்" என்பேன். எத்தனை பெரிய சர்ஜனானாலும் அந்த வார்த்தைக்கு நிற்கத்தான் வேண்டும்.

எதற்கும் மசியாத அழுத்தத்துக்குச் சில சமயம் மெத்திலீன் புளூ தருவோம். 1876இல் சாயமாகப் பிறந்த நீலம்; குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைத் தடுக்கும். சிறுநீர் பச்சையாகும். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைப் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அவற்றில் பல, இந்த நீல மருந்தோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தாலும் சொல்லுங்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து ரத்த அணுக்களை உடைக்கும்.