புகை மட்டும் போதாது: நுளம்பின் மரபணு சொல்லும் பாடம்

சூரதுல் பகராவின் 26ஆவது வசனம் நுளம்பை உதாரணமாகக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். அந்தச் சிறிய உயிரினத்தின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் முழுமையாக வாசிக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான்.

ஆபிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கம்பியே நுளம்பின் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டியினது 2007இலும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸினது 2010இலும் வெளியாகின. டிஎன்ஏயை ஒரு நூலாகக் கொண்டால், அனோபிலிஸின் நூலில் சுமார் 280 மில்லியன் எழுத்துகள் உள்ளன. கியூலெக்ஸில் சுமார் 580 மில்லியன். ஈடிஸில் சுமார் 1,300 மில்லியன்.

அதனால் ஈடிஸிடம் பல மடங்கு பரம்பரையலகுகள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மூன்றிலும் அவை ஏறத்தாழ 13,000 முதல் 19,000 வரைதான். தம்மைத் தாமே பிரதி செய்து புதிய இடங்களில் நுழைந்துகொள்ளும் 'தாவும் துண்டுகளே' ஈடிஸின் நூலைப் பெருக்கியுள்ளன. அதன் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இத்தகைய துண்டுகள்தான்.

ஆனால் நமக்கு ஆபத்தானது இந்தப் பெரிய வேறுபாடு அல்ல, ஓர் எழுத்தின் மாற்றம். புகை விசிறலில் பயன்படும் பைரெத்ரோயிட் வகை நஞ்சுகள் நுளம்பின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குகின்றன. அந்த வாயிலுக்குரிய பரம்பரையலகில் ஓரெழுத்து மாறினாலே நஞ்சின் பிடி தளர்ந்துவிடலாம். நஞ்சு இம்மாற்றத்தை உருவாக்குவதில்லை. மாற்றம் இல்லாதவற்றைக் கொன்று, உள்ளவற்றைப் பெருக விடுகிறது. இத்தகைய மாற்றங்கள் இலங்கையின் ஈடிஸ் நுளம்புகளிலும் கண்டறியப்பட்டுள்ளன.

2017இல் நம் நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியது. இருந்தும், ஊரில் காய்ச்சல் பரவியதும் "புகை அடிக்க வரவில்லையே" என்பதே நமது முதல் முறைப்பாடு. புகை பறக்கும் நுளம்பையே தாக்கும். நீரிலுள்ள குடம்பியை அல்ல.

நீரை ஊற்றிவிட்டால், எந்த மரபணு மாற்றமும் குடம்பியைக் காப்பாற்றாது. ஆனால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரமளவே போதும் என்பதால், வாரம் தவறாமல் செய்ய வேண்டும். வீடு, பாடசாலை, மத்ரஸா, பள்ளிவாசல் கூரைப் பீலி எதுவும் இதற்கு விதிவிலக்கல்ல. சுத்தத்தை ஈமானோடு இணைத்துப் பேசும் சமூகம் நாம். அதை நீர்த்தொட்டியின் ஓரத்திலும் காட்டுவோம்.