ராத்திரிக்கு என்ன கூத்து?

சென்னையில் நாடகம் போடுகிறவரிடம் ‘ஏன் இந்த நாடகம்?’ என்று கேட்டால், காலத்தின் தேவை, இயக்குநரின் பார்வை என்று அரை மணி நேரம் பேசுவார். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கூத்து வாத்தியாரைக் கேளுங்கள். “ஊர்ல என்ன விசேஷம்?” என்று திருப்பிக் கேட்பார்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், நாள் கணக்குப்படிதான் கூத்து. பகலில் பிரசங்கி சொன்ன கதையை ராத்திரியில் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடிக் காட்டும். மழை இல்லையா, விராட பர்வம். வீட்டுப் பெரியவருக்குக் காரியமா, கர்ண மோட்சம். வெற்றிலை பாக்கு கைமாறும்போதே கதையும் முடிவாகிவிடுகிறது.

அர்ச்சுனன் தபசைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும். நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் படிக்கொரு பாட்டாக ஏறுகிறார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்கிறார்கள். அந்தக் களத்தில் போய், ‘எங்களிடம் புதுசா ஒரு கூத்து இருக்கிறது’ என்று எந்த வாத்தியார் சொல்லுவார்? எந்தக் கதை என்பதற்கு ஆள்கட்டும் ஒரு காரணம்தான். பெண் வேஷத்துக்குக் குரல் தோதாக இல்லாத ஜமா திரௌபதி துகில் கூத்துக்கு ஒப்புக்கொள்ளத் தயங்கும்.

என் கவலை வேறு. பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதக் காலம். மற்ற மாதங்களில் அடுப்பெரிய வைப்பதில் காரிய வீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கேட்பது கர்ண மோட்சம்தான். அருமையான கூத்து, சந்தேகமில்லை. போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கத்தை, தூங்கி விழுகிற பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்து கேட்கும். விடியற்காலையில் கர்ணன் சாயும்போது, இழவு வீட்டார் தங்கள் வீட்டுச் சாவையே இன்னொரு முறை அழுது தீர்க்கிறார்கள். ஆனால் புதிதாகச் சேரும் பையன், திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தானே கற்கிறான்? பார்ப்பதெல்லாம் கர்ணன் என்றால் திரௌபதி குறவஞ்சியை, மின்னொளி சிவபூஜையை எங்கே கற்பான்?

‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களில் எல்லாம் அச்சாகியிருக்கிறதே என்பார்கள். பாட்டு இருக்கிறது, சரி. அதைப் பாடும் மெட்டு, எந்த வரிக்கு எந்த அடவு, இரண்டு பாட்டுக்கு நடுவே கோமாளியான கட்டியக்காரன் அன்றைய ஊர்க்கதையை எப்படி நுழைக்கிறான், அதற்கு முகவீணைக்காரர் எங்கே இடம் விடுகிறார் என்பதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இரண்டு தலைமுறை ஆடாமல் விட்ட கூத்தைப் புத்தகத்தை வைத்து எழுப்பினால் பாராயணம்தான் மிஞ்சும். பிரெக்டையும் மார்க்வெஸையும் புரிசைக் குழு கூத்தாக்கி ஆடியிருக்கிறதே, கூத்துக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததையும் ஆடத்தானே செய்கிறார்கள் என்றும் சொல்லலாம். உண்மைதான். அந்த வாய்ப்பு கிடைக்கிற ஜமாக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவர்கள் கேட்டதைத்தான் ஆட வேண்டும்.

ஆகவே கேட்கிறவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பாரதத்துக்கு அச்சாரம் கொடுக்கப் போகும் ஊர்ப் பெரியவர்கள், தீமிதிக்குப் பிறகு ஒரு ராத்திரியை வாத்தியார் இஷ்டத்துக்கு விடலாம். “நாங்க பார்க்காதது எதையாவது ஆடுங்க” என்று சொன்னால் போதும். ஒத்திகைக்கென்று ஜமாவுக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். வாணவேடிக்கைச் செலவில் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.