நோயாளர் பட்டியலும் வரிசைப்படுத்தலின் வினைத்திறனும்

மாணவர்களே, புத்தளத்தில் ஒரு வைத்தியசாலையின் டெங்கு விடுதியில் ஐந்து நோயாளர் உள்ளதாகக் கொள்வோம். அவர்களது குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, ஒரு கன மில்லிமீற்றருக்கு ஆயிரங்களில், முறையே 92, 45, 130, 28, 67 ஆகும். வைத்தியர் இவ்வெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. குருதியமுக்கம் முதலியவற்றையும் கவனிப்பார். ஆயினும் 28 என்பது பட்டியலின் நடுவே மறைந்திருக்கக் கூடாதல்லவா? எனவே ஏறுவரிசைப்படுத்துவோம்.

குமிழி வரிசைப்படுத்தலில் அடுத்தடுத்துள்ள இரு எண்கள் ஒப்பிடப்படும். பெரியது முன்னே இருப்பின் இரண்டும் இடம்மாறும். முதற் சுற்றின் முடிவில் 45, 92, 28, 67, 130 எனக் கிடைக்கும். அதாவது, 130 தன் இடத்தை அடைந்துவிட்டது. இதற்கு 4 ஒப்பீடுகள். அடுத்த சுற்றுகளுக்கு 3, 2, 1. மொத்தம் 10.

ஐந்து பேருக்கு எம்முறையும் போதும். தாளும் பென்சிலும்கூடப் போதும். ஆனால் 2017 இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 186,101 பேர். இப்பட்டியலுக்குக் குமிழி முறையில் ஏறத்தாழ 1,731 கோடி ஒப்பீடுகள் தேவைப்படலாம். செக்கனுக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் கணினிக்கும் சுமார் 29 நிமிடங்கள் செல்லும்.

1945 இல் ஜோன் வொன் நியூமன் வகுத்த இணைப்பு வரிசைப்படுத்தலோ பட்டியலைத் தனித்தனி எண்களாகும் வரை பாதி பாதியாகப் பிரித்து, பின்னர் வரிசை குலையாமல் இணைத்துக்கொண்டு வரும். மேற்படி பட்டியலுக்கு 18 இணைப்புச் சுற்றுகள் போதும். ஒப்பீடுகள் 34 இலட்சத்தைத் தாண்டா. அதே கணினிக்கு அரைச் செக்கனும் ஆகாது.

வேகம் மட்டும் பார்த்தால் போதாது. அவசர சிகிச்சைப் பிரிவில் அவசரநிலை 2 உடைய இருவர் காத்திருக்கின்றனர். முதலில் வந்தவர் பத்தலங்குண்டுத் தீவிலிருந்து படகேறி வந்த மீனவர். அடுத்தவர் பாலாவியைச் சேர்ந்தவர். மூன்றாவதாக நிலை 1 உடைய ஒருவர் வருகிறார். தெரிவு வரிசைப்படுத்தல் அவரை முதலிடத்திலிருந்த மீனவருடன் நேரடியாக இடமாற்றும். மீனவர், தமக்குப் பின் வந்தவருக்கும் பின்னால் தள்ளப்படுவார்! சம நிலையுடையோரின் வருகை ஒழுங்கைக் காக்கும் முறையே உறுதியான வரிசைப்படுத்தல் எனப்படும். குமிழி முறையும் இணைப்பு முறையும் முறைப்படி எழுதப்படின் உறுதியானவை.

முயன்று பார்க்க: 28, 45, 67, 92, 130 என ஏற்கெனவே வரிசையிலுள்ள பட்டியலின் இறுதியில், கற்பிட்டியிலிருந்து வந்த புதிய நோயாளரின் 50 சேர்க்கப்படுகிறது. இறுதியிலிருந்து ஒப்பிட்டு உரிய இடத்தில் செருக எத்தனை ஒப்பீடுகள் தேவை?

விடை: 4 (130, 92, 67, 45 ஆகியவற்றுடன்).