ஜாமீன் கிடைத்தாலும் திறக்காத கதவு

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகத் தெற்கே போகும் சாலை பூந்தமல்லியைத் தொடுகிறது. பூந்தமல்லி என்றதும் பலருக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். 1998 ஜனவரி 28 அன்று அந்த நீதிமன்றம் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அதே ஊரில் இன்னொரு இடமும் பல ஆண்டுகள் இயங்கியது. அதற்குச் சிறப்பு முகாம் என்று பெயர். நீதிமன்றத்தில் நடந்தது நாட்டுக்கே தெரிந்தது. முகாமில் இருந்தவர்கள் யார், எதற்காக இருந்தார்கள் என்பது இந்தச் சாலையில் தினமும் ஷேர் ஆட்டோவில் போய்வந்தவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது.

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேற்றத் துறையின் சோதனைகளை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதிபர் டிரம்ப் தேசியக் காவல் படையை அனுப்பினார். அந்தக் காட்சிகள் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் ஓடின. "சட்டத்தை மீறி வந்தவரைப் பிடித்தால் என்ன தவறு?" என்று ஒரு தரப்பும், "மனிதரை இப்படியா நடத்துவது?" என்று மறு தரப்பும் இங்கேயும் பேசின. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இதே கேள்வி தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அது நிற்கும் இடம் சிறப்பு முகாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: அகதிகள் முகாம் வேறு, சிறப்பு முகாம் வேறு. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமாக இன்றும் ஏறத்தாழ 58,000 பேர் மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். மண்டபம், கும்மிடிப்பூண்டி, புழல் போன்றவை இவ்வகை. 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உதவித்தொகையையும் கூட்டினார். இங்கிருப்பவர்கள் காலையில் பெயின்ட் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய் மாலையில் திரும்புவார்கள். குறித்த நாளில் வருவாய்த் துறையும் கியூ பிரிவு உளவுப் போலீசும் நடத்தும் தணிக்கையில் நேரில் நிற்க வேண்டும். இன்னும் 34,000 பேர் வரை முகாமுக்கு வெளியே, போரூர், வளசரவாக்கம் போன்ற இடங்களில் வாடகை வீடுகளில், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்கிறார்கள்.

சிறப்பு முகாம் இவை இரண்டிலும் சேராது. அங்கே உள்ளே போனவர் வெளியே வர முடியாது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். போலி பாஸ்போர்ட் வைத்திருந்ததாகவோ, ஆஸ்திரேலியாவுக்குப் படகில் ஆள் அனுப்ப முயன்றதாகவோ ஒருவர் மீது வழக்கு வருகிறது. சிறையில் அடைக்கிறார்கள். அவருடைய வீட்டார் வக்கீல் வைத்து, பிணையாட்களைத் தேடிப் பிடித்து, ஜாமீன் வாங்குகிறார்கள். உத்தரவு சிறைக்கு வந்து சேரும் நாளில் வாசலில் கியூ பிரிவு போலீசார் இன்னொரு காகிதத்தோடு நிற்கிறார்கள். அது தமிழ்நாடு அரசின் பொதுத் துறை பிறப்பித்த ஆணை. இந்த வெளிநாட்டவர் இனி குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அதில் இருக்கும். 2025 செப்டம்பரில் புதிய சட்டம் வரும் வரை 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் 3-வது பிரிவுதான் அதற்கு ஆதாரமாக இருந்தது. அந்தக் குறிப்பிட்ட இடம் திருச்சியில் மத்தியச் சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆக, ஜாமீனில் வெளிவந்தவர் ஒரு சுவரைத் தாண்டி அடுத்த பக்கம் போகிறார். அங்கே அவர் கைதி இல்லை. சிறைத் துறையின் பொறுப்பிலும் இல்லை, மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் இருக்கிறார். சமைத்துச் சாப்பிடலாம், பார்க்க ஆள் வரலாம். எத்தனை நாள் என்று மட்டும் அந்த ஆணையில் இருக்காது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தக் கடைசி வரியைத்தான். குண்டர் சட்டத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் ஒருவரை விசாரணையின்றி அடைத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் வழக்கை அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். எப்படியானாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அடைக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவை ஒட்டி அமைந்த காப்புகள் இவை. எத்தனையோ குண்டர் சட்ட ஆணைகள் உயர் நீதிமன்றத்தில் ஒரு சின்ன நடைமுறைப் பிழைக்காகவே ரத்தாகியிருக்கின்றன. சிறப்பு முகாமுக்குக் குழுமமும் கிடையாது, கால வரம்பும் கிடையாது. ரவுடி என்று அரசே பட்டியலிட்டவருக்குக் கிடைக்கும் காப்பு, ஜாமீன் வாங்கிய ஒரு இலங்கைத் தமிழருக்குக் கிடைப்பதில்லை.

அரசுத் தரப்பிலும் காரணம் இருந்தது. 1990 வாக்கில் இந்த முகாம்கள் தொடங்கப்பட்டபோது விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்களை மற்ற அகதிகளிடமிருந்து பிரித்து வைப்பதே நோக்கம். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் கொலை அந்த அச்சத்தைப் பல மடங்காக்கியது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த 43 புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பியதும் நடந்த கதைதான். அன்றைய அச்சம் நியாயமானதே. ஆனால் போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. முகாம் முடியவில்லை. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, பாஸ்போர்ட் வழக்குகளுக்கும் விசாக் காலம் கடந்தவர்களுக்கும் வழக்கமான ஏற்பாடாகிவிட்டது. இலங்கையர் மட்டுமல்லாமல் வேறு நாட்டவரும் திருச்சியில் இருக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம், சிறப்பு முகாமில் வைப்பது சிறைவைப்பு ஆகாது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் என்று சொல்லி அரசின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அரசு சாய்ந்து நிற்கும் தூண் அதுதான். 2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபங்கர் தத்தா, வினோத் சந்திரன் அமர்வு முன் இன்னொரு வழக்கு வந்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை முடித்த ஒரு இலங்கைத் தமிழர், தன்னை நாடு கடத்த வேண்டாம், இலங்கையில் தன் உயிருக்கு ஆபத்து என்று கேட்டார். உலகம் முழுவதிலிருந்தும் வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் தர இந்தியா தர்மசாலை அல்ல என்று அமர்வு வாய்மொழியாகச் சொல்லி மனுவைத் தள்ளியது. குடியமரும் உரிமையைத் தரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதும் சொல்லப்பட்டது.

அந்தச் சட்ட நிலை பழையதுதான். வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. எந்த நாட்டுக்கும் அந்த அதிகாரம் வேண்டும். ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 1996-ல் அருணாசலப் பிரதேசச் சக்மா அகதிகள் வழக்கில், 21-வது பிரிவு தரும் உயிர், உடல் சுதந்திரப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியது என்றும் சொன்னது. வெளியே அனுப்பும் அதிகாரம் வேறு. அனுப்பவும் செய்யாமல், விடவும் செய்யாமல், ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது வேறு. முதலாவது சட்டத்தின் ஆட்சிக்குள் வரும். இரண்டாவது எப்படி வரும்?

ராஜீவ் வழக்கில் தண்டனை பெற்ற சாந்தனின் முடிவு இதைத்தான் காட்டியது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் வழக்கில் மிச்சமிருந்த ஆறு பேரை விடுதலை செய்தது. நளினியும் ரவிச்சந்திரனும் இந்தியர்கள், வீட்டுக்குப் போனார்கள். முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரும் இலங்கையர் என்பதால் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தாயைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சாந்தனின் கோரிக்கை. இந்தியா அவரை அனுப்பத்தான் விரும்பியது, அவரும் போகத்தான் விரும்பினார். இருந்தும் பயணத்துக்கான அனுமதிக் காகிதம் வர 2024 பிப்ரவரி கடைசி வாரம் ஆயிற்று. அதற்குள் கல்லீரல் பழுதாகி, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் கிடந்தார். பிப்ரவரி 28 அன்று இறந்தார். மற்ற மூவர் ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்பதில் கருத்து வேறுபடலாம். விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பதினைந்து மாதம் எந்தத் தீர்ப்பின்படி கழிந்தது என்பதற்குப் பதில் இல்லை.

உள்ளே இருப்பவர்களுக்கு இருந்த ஒரே ஆயுதம் உண்ணாவிரதம். 2012, 2013 ஆண்டுகளில் பூந்தமல்லி, செங்கல்பட்டு முகாம்களில் அடுத்தடுத்து உண்ணாவிரதங்கள் நடந்தன. வெளியே அமைப்பினர் முற்றுகைப் போராட்டம் அறிவித்தார்கள், கைதாகிக் கல்யாண மண்டபங்களில் அடைக்கப்பட்டு மாலையில் விடப்பட்டார்கள். 2021-லும் 2022-லும் திருச்சியில் போராட்டம் தற்கொலை முயற்சி வரை போனது. ஒவ்வொரு முறையும் சிலர் விடுவிக்கப்பட்டார்கள், ஏற்பாடு அப்படியே இருந்தது. சாகத் துணிந்தவரின் கோப்பு மட்டும் நகரும் என்றால் அது நிர்வாகத்துக்கே இழுக்கு.

போராட்டமும் நீதிமன்றமும் கைகோத்தபோது வேறு பலன் கிடைத்ததுண்டு. 1992-ல் அகதிகளை இலங்கைக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி அதனால் எழுந்தது. அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் அமைந்ததும் அந்த ஆண்டில்தான். 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடாத நிலையிலும் அது நடந்தது.

கடல் கடந்த தமிழர்களிடமும் இதற்கு உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிலோவீலா என்ற சிற்றூர். 2018 மார்ச் 5 விடியற்காலையில் எல்லைக் காவலர்கள் அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சின்னக் குழந்தைகளோடு கொண்டுபோனார்கள். விசாக் காலம் முடிந்திருந்தது, புகலிடம் மறுக்கப்பட்டிருந்தது. சட்டப்படி அரசின் பக்கம் காகிதம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள், கணவர் வேலை பார்த்த இறைச்சித் தொழிற்சாலை நகரத்து மனிதர்கள், "எங்கள் ஊர்க் குடும்பத்தைத் திருப்பிக் கொடு" என்று நான்கு ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். 2019 ஆகஸ்டில் குடும்பத்தை ஏற்றிய விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி தடை விதிக்க, அது டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் காவல். 2022 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. மறு ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நாடு கடத்த வாய்ப்பே இல்லாத ஒருவரைக் காலவரையின்றிக் காவலில் வைக்கலாம் என்று 2004-ல் தானே சொன்ன தீர்ப்பை மாற்றி, வைக்க முடியாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய காவலுக்கு 2001-லேயே ஆறு மாதம் என்று ஓர் அளவு வைத்திருந்தது. எல்லையைக் கடுமையாகக் காக்கும் நாடுகள் இவை. அங்கேயும் காவலுக்குக் கணக்கு கேட்க நீதிமன்றம் உண்டு.

இனி, இது பூந்தமல்லிச் சாலையில் வாழும் பருத்திப்பட்டுக்காரருக்கு எங்கே வந்து தொடுகிறது என்று பார்ப்போம். 2025 செப்டம்பர் 1 முதல் 1946 சட்டம் இல்லை. அதையும் வேறு மூன்று பழைய சட்டங்களையும் நீக்கி, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 வந்திருக்கிறது. உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வெளிநாட்டவர் தங்கும் விடுதிகளும், படிக்கும் கல்லூரிகளும், சிகிச்சை பெறும் மருத்துவமனைகளும் அவர்களைப் பற்றித் தகவல் தர வேண்டும். ஏட்டு நிலையிலிருந்தே போலீசார் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். நான் வெளிநாட்டவன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, பழைய சட்டத்தைப் போலவே, பிடிபட்டவர் தலையில்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் பலர், ஊரில் விட்டுவந்த காகிதங்கள், பேசுவது வங்க மொழி. 2025 ஜூனில் டெல்லியில் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட மேற்கு வங்கக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். முப்பது நாள் விசாரிக்க வேண்டும் என்ற உள்துறையின் சொந்த விதியே பின்பற்றப்படவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் கண்டது. டிசம்பரில்தான் அவர் திரும்பினார். 'அந்நியர்' மீது தளர்த்தப்படும் விதி, சொந்தக் குடிமகளையும் அள்ளிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இலங்கைத் தமிழருக்குப் புதிய சட்ட ஏற்பாட்டில் ஒரு சலுகை உண்டு. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றம் பாயாது. குடியுரிமை அதனால் வராது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.  1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண் 2022-ல் மதுரைக் கிளையில் வழக்காடித்தான் அந்த உரிமையைப் பெற்றார், 2024-ல் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த அவர் வயதொத்தவர்களுக்கு, இதே பள்ளிகளில் படித்திருந்தும், அந்த வழி இல்லை.

குடியுரிமையைத் தருவது டெல்லியின் கையில். சிறப்பு முகாம் ஆணை அப்படியல்ல, அது சென்னைத் தலைமைச் செயலகத்தில் கையெழுத்தாகிறது. இத்தனை மாதத்துக்குள் மறு ஆய்வு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஒரு குழு, ஆணையில் எழுத்தில் காரணம், வழக்கு முடிந்தவருக்கும் திரும்பிப் போக விரும்புகிறவருக்கும் பயணக் காகிதத்துக்குக் கெடு என்று தமிழ்நாடு அரசு தன் ஆணையிலேயே எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. 2021-ல் முகாம்களின் பெயரை மாற்றிய அரசாணைக்கு டெல்லியைக் கேட்கவில்லை. இதற்கும் கேட்க வேண்டியதில்லை.