இழுத்துச் செல்லப்பட்ட வண்டியும் மீட்புக் கட்டணமும்

தோட்டப்புறத் தொழிலாளர்க்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணை. பேராக் மாநிலத்தில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்து வளர்ந்தவர் பலர் இன்று சுங்கை சிப்புட், செமோர், கோப்பெங் வட்டாரங்களில் குடியிருந்துகொண்டு, ஈப்போவின் தாசேக், மெங்லெம்பு தொழிற்பேட்டைகளுக்கு நாள்தோறும் வண்டியிலேயே சென்று வருகின்றனர். அந்த வண்டி ஒரு வாரம் கையில் இல்லையென்றால் ஒரு வாரக் கூலியும் இல்லை என்ற நிலையில் வாழும் குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆகவேதான், விபத்திலோ பழுதிலோ சிக்கிய வண்டியைத் தனியார் இழுவை லோரி இழுத்துச் சென்று, பின்னர் அதை விடுவிக்கப் பெருந்தொகை கேட்கும் வழக்கத்தைப் பற்றி இங்கு விளக்க விரும்புகிறோம். இது பேராக்கில் மட்டும் உள்ள தொல்லையன்று; நாடெங்கும் உள்ளது. விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ்காரர் வருமுன்பே வந்து நிற்கும் இத்தகையோரை மலாய் மொழியில் ‘உலாட்’, அதாவது புழு என்றே மக்கள் அழைக்கின்றனர். நேர்மையாகத் தொழில் செய்யும் இழுவை நிறுவனங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு, சாலையோரப் பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்குவது எளிய வேலையன்று. அதற்குரிய கூலியைத் தர வேண்டியதுதான். நாம் பேச வந்தது உரிய கூலியைப் பற்றியன்று. வண்டியைப் பிணையாக வைத்துக்கொண்டு கேட்கப்படும் தொகையைப் பற்றி.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் கார் ஒன்று அவரை உராய்ந்து தள்ளிவிடுகிறது. காலில் காயம், வண்டியின் முன்சக்கரம் வளைந்துவிட்டது. கால் மணி நேரத்தில் இழுவை லோரி வந்து நிற்கிறது. “கவலைப்படாதீங்க அண்ணே, இன்சூரன்ஸ் எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்கிறார் லோரிக்காரர். வலியிலும் கலக்கத்திலும் இருப்பவர் கையெழுத்திடுகிறார். அடையாளக் கார்டையும் சாவியையும் கொடுக்கிறார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, சம்பள நாள் வரை பொறுத்திருந்து, பத்து நாள் கழித்துப் பட்டறைக்குச் சென்றால், இழுத்த கூலி, தூக்கிய கூலி, நாள் வாடகை என்று கணக்குக் காட்டி, 600 வெள்ளி வைத்தால்தான் வண்டி என்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி. ஒன்பது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு அந்த ஒரு சீட்டில் போய்விடுகிறது. பழைய மோட்டார் சைக்கிளாக இருந்தால், அதை அங்கேயே விட்டுவிடுவதே மேல் என்று எண்ணுபவரும் உண்டு. அப்படி விடப்பட்ட வண்டி யார் கைக்குப் போகிறது என்பது வேறு கதை.

இந்தக் கணக்கில் மிகவும் கவனிக்க வேண்டியது நாள் வாடகையே. இழுத்த கூலி ஒரு முறைதான். நாள் வாடகையோ நாம் உறங்கும்போதும் வளர்கிறது. கையில் பணம் இல்லையென்று சம்பள நாள் வரை காத்திருப்பதுதான் நம்மவர் வழக்கம். அதுவே கட்டணத்தைப் பெருக்கிவிடுகிறது. பணம் இல்லாவிட்டாலும் மறுநாளே நேரில் சென்று, அல்லது உறவினர் ஒருவரை அனுப்பி, வண்டியை விடுவிக்க எவ்வளவு, எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். எழுதித் தர மறுத்தால், மறுத்தவரின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றையாவது குறித்துக்கொள்ளலாம். வண்டியின் நிலையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைப்பதும் பின்னர் பயன்படும்.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். வெற்றுத் தாளிலோ நிரப்பப்படாத படிவத்திலோ கையெழுத்து இடலாகாது. நமக்குப் புரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லக்கூடியவர் வரும் வரை காத்திருப்பதில் வெட்கமில்லை. அடையாளக் கார்டு, வண்டி உரிமைப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் அசலை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. இழுவை லோரியின் பதிவு எண், நிறுவனத்தின் பெயர், வண்டி கொண்டுசெல்லப்படும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, கூலி எவ்வளவு என்று வண்டியை ஏற்றுமுன்பே கேட்டுவிட வேண்டும். விபத்து நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டுமென 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் விதிக்கிறது. அந்தப் புகாரிலேயே, வண்டியை யார் எங்கே கொண்டுசென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. புகாரை நாமே செய்ய வேண்டும். லோரிக்காரர் செய்துவிடுவார் என்று விட்டுவிடக் கூடாது.

காப்புறுதி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சாலை வரியோடு சேர்த்து எடுக்கும் காப்புறுதி எல்லாமே இழுவைச் செலவைக் கொடுக்கும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. தோட்டத்து மோட்டார் சைக்கிள்களில் மிகப் பலவற்றுக்கு அது ஒன்றுதான் உண்டு. அது நாம் பிறருக்கு விளைவித்த தீங்குக்கு ஈடு செய்வது. நம் வண்டியை இழுத்த செலவை அது தராது. முழுக் காப்புறுதி உள்ள காருக்குப் பல நிறுவனங்கள் இழுவைச் சேவையும் வழங்குகின்றன. அதன் எல்லையும், அழைக்க வேண்டிய எண்ணும் பத்திரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை அழைக்காமல், வந்து நின்ற லோரியில் ஏற்றிவிட்டால் காப்புறுதி நிறுவனம் அச்செலவை ஏற்க மறுக்கக்கூடும். பிறர் தவற்றால் விபத்து நேர்ந்திருந்தால், நியாயமான இழுவைச் செலவை எதிர்த் தரப்பின் காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம். அதற்கு ரசீது வேண்டும். ரசீதில்லாமல் கொடுத்த பணம் கொடுக்காத பணமே.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நிலைமை வேறு. பேராக்கின் நீளத்துக்கும் செல்லும் அந்தச் சாலையைப் பராமரிக்கும் பிளஸ் நிறுவனத்துக்குச் சொந்த ரோந்துப் படையினர் உள்ளனர். 1800-88-0000 என்ற எண்ணை அழைத்தால் அவர்கள் வந்து, வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அப்புறப்படுத்த உதவுவர். அங்கு வந்து நிற்கும் வேறு லோரிக்குத் தலையசைக்க வேண்டியதில்லை.

பொதுச் சாலையில் இடையூறாக நிறுத்திய வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரத்தைச் சட்டம் போலீசுக்கும், சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும், ஈப்போ மாநகர் மன்றம் போன்ற ஊராட்சி மன்றங்களுக்கும்தான் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய ஆணையின்படி தனியார் லோரி இழுத்துச் செல்லலாம். தன் விருப்பப்படி இழுத்துச் செல்ல அதற்கு உரிமையில்லை. எனவே, சந்தைக்குச் சென்று திரும்பும்போது வண்டியைக் காணவில்லையென்றால் முதலில் போலீஸ் நிலையத்தையோ மன்ற அலுவலகத்தையோ கேட்க வேண்டும். அவர்கள் எடுத்திருந்தால், சம்மனையும் அகற்றிய செலவையும் செலுத்தி, அதிகாரபூர்வ ரசீதுடன் வண்டியை மீட்கலாம். அவர்கள் எடுக்கவில்லை, தனியார் ஒருவர்தான் எடுத்தார் என்று தெரியவந்தால் உடனே போலீசில் புகார் செய்யலாம்.

தவணை பாக்கிக்காக வண்டியை எடுத்துச் செல்வது இன்னொரு வகை. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியை எடுக்க முடியும். அதற்கும் 21 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் செலுத்தியாகிவிட்டால் நீதிமன்ற ஆணையின்றி எடுக்க முடியாது. எடுத்த பின்னரும் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் பாக்கியையும் நியாயமான செலவையும் செலுத்தினால் வண்டி திரும்பக் கிடைக்கும். எடுக்க வருபவர் தம் அனுமதிச் சீட்டைக் காட்டக் கடமைப்பட்டவர்.

இனி, பட்டறையில் மிகைத் தொகை கேட்கிறார்கள், வண்டியும் உடனே வேண்டும், என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஒருவரின் உடைமையைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்துக்கொண்டு அவரை ஓர் ஒப்பந்தத்துக்கு இணங்கச் செய்வதை அது வற்புறுத்தல் என்கிறது. வற்புறுத்தலால் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டுமென அதன் 73ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரிவுக்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தந்திருப்பது வியப்புக்குரியது: ரயில் நிறுவனம் ஒன்று, முறையற்ற கட்டணம் கொடுத்தாலன்றிச் சரக்கைத் தர மறுக்கிறது, சரக்குக்கு உரியவர் வேறு வழியின்றிக் கொடுத்துவிடுகிறார், அந்தக் கட்டணத்தில் சட்டத்துக்கு மிகையான பகுதியை அவர் திரும்பப் பெறலாம். ரயிலுக்குப் பதில் இழுவை லோரி என்று வைத்தால் நம் கதைதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது என்பதும் இதனால் விளங்குகிறது.

ஆகவே பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டால் உரிமை போய்விடுவதில்லை. கொடுக்கும்போதே, ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று மலாயிலோ தமிழிலோ ரசீதில் எழுதிவிட வேண்டும். எழுத விடாவிட்டால், அன்றே போலீஸ் புகாரில் அதைச் சொல்லலாம். ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் கேட்டுக்கொண்டதன் பேரில் பட்டறையார் வண்டியைப் பழுதுபார்த்திருந்தால், அந்தக் கூலி கிடைக்கும் வரை வண்டியை வைத்திருக்க அவருக்குச் சட்டம் இடம் தருகிறது. பழுதுபார்க்கச் சொன்னோமா, இழுத்து வைக்க மட்டும் விட்டோமா என்பதே இங்கு வேறுபாடு. முன்பு சொன்ன கையெழுத்து இங்குதான் நமக்கு எதிராக வந்து நிற்கும்.

மிகையாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். கோரிக்கை 50,000 வெள்ளி வரை இருக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அது 25,000 வெள்ளியாக இருந்தது. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். உடற்காயத்துக்கான நட்டஈட்டை இம்மன்றம் விசாரிக்காது. அது வேறு வழக்கு. இரு தரப்பாரும் நேரில் சென்றே பேசுவர். நடுவர் மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதிருப்பது குற்றமாகும்.

பிற நாடுகளும் இத்தொல்லையை வெவ்வேறு விதமாகச் சந்தித்துள்ளன. ஸ்காட்லாந்தில், தனியார் நிலத்தில் நிறுத்திய காருக்குச் சக்கரப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பது பணப்பறிப்பும் திருட்டுமாகும் என்று உயர் நீதிமன்றம் 1992ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இருபது ஆண்டு கழித்து, 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, சட்ட அதிகாரமின்றித் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவதும் இழுத்துச் செல்வதும் குற்றமாயின. பெங்களூரு நகரில் போலீசார் தனியார் வண்டிகளைக் கொண்டு வாகனங்களை இழுத்துச் சென்ற முறைக்கு மக்கள் எதிர்ப்பு வலுக்கவே, 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கர்நாடக அரசு அதை நிறுத்தி வைத்தது. அங்கெல்லாம் ஏடுகளுக்கும் ஆட்சியாளர்க்கும் ஆதாரமாக அமைந்தவை மக்கள் அளித்த புகார்களே. நம்மவரோ பணத்தைக் கட்டிவிட்டு வாய்மூடி வந்துவிடுகின்றனர்.

நடுவர் மன்றத்துக்குச் செல்வோர் எடுத்துச் செல்ல வேண்டியவை போலீஸ் புகாரின் நகல், பணம் கட்டிய ரசீது, லோரியின் எண், வண்டியின் படங்கள், அடையாளக் கார்டு ஆகியவை. மனுப் படிவம் மலாய் மொழியில் இருக்கும். எழுதத் தயங்குவோர் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ, பள்ளி ஆசிரியரையோ, படித்த பிள்ளைகளையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நடந்ததை நாள், நேரம், தொகை என்று வரிசையாக எழுதினால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது.