பெரும்பதன் கல்லும் தேக்கா நகைக்கடையும்

அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாப்பாட்டு டப்பாக்களின் மூடிகளில் ஒட்டுத்தாள், அதில் ஆளுக்கொரு பெயர். 'இது என்னுடையது, கை வைக்காதே' என்று பொருள். இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அவர் எழுதியது டப்பாவில் அல்ல, கல்லில்.

விடுமுறை என்றதும் தாய்லாந்தின் கிராபிக்கு விமானம் ஏறுபவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுகப் பகுதியில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் இருப்பது இரண்டே சொற்கள்: 'பெரும்பதன் கல்'. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொற்கொல்லரைப் 'பத்தர்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் இன்றும் உண்டு. அந்தப் பெரிய பத்தர் தம் கருவியை யாரும் எடுத்துப் போய்விடக்கூடாது என்று பெயர் பொறித்து வைத்திருக்கிறார்.

தங்கத்தை அந்தக் கல்லில் உரசி, விழும் கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்று சொல்வார்கள். இன்று சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளில் '916' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். கல் போய் எண் வந்துவிட்டது. "சுத்தத் தங்கம்தானே?" என்ற சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரும்பதன் கிழக்கே வந்தார் என்றால், மேற்கே போனவர்களும் உண்டு. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசைர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. உறியில் தொங்கவிட்ட பானையாம். அதே கரையில் பெரெனிகே துறைமுகக் கோயில் ஒன்றில், இந்தியாவில் செய்த பெரிய சாடிக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. பஃபலோ ரோட்டு மளிகைக்கடையில் ஏழரை கிலோ மிளகு கேட்டால், "வீட்டில் கல்யாணமா?" என்பார்கள்.

இந்த மிளகு மோகம் ரோமானிய எழுத்தாளர் பிளினிக்குப் பிடிக்கவே இல்லை. காரத்தைத் தவிர எந்தச் சிறப்பும் இல்லாத பொருளுக்காக இந்தியா வரை போகிறார்களே, காசெல்லாம் அங்கே போய்ச் சேருகிறதே என்று புலம்பியிருக்கிறார். முஸ்தஃபாவிலிருந்து திரும்பியதும் ரசீதைப் பார்த்துப் புலம்பும் குடும்பத் தலைவர்களுக்கு அவரே முன்னோடி.

வரியைப் பற்றிப் புலம்புவோருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறிக் கடன் பத்திரம் இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் முசிறியிலிருந்து போன சரக்கின் கணக்கு அதில் உள்ளது. ரோமப் பேரரசு வசூலித்த சுங்க வரி நூற்றுக்கு 25. 2024 முதல் நாம் கட்டும் பொருள், சேவை வரி நூற்றுக்கு 9.

நம் ஊரிலும் ஒரு பழங்கல் இருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெரும் பாறை அது. ஏறத்தாழ ஐம்பது வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ல் ஆற்று வாயை அகலப்படுத்த வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டு ஒன்றைத் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இதுவரை யாராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை.

ஐம்பது வரி எழுதியவர் யார், என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு சொல் எழுதிய பொற்கொல்லரை இன்றும் பெயர் சொல்லி அழைக்கிறோம். அவர் எழுதிய மொழியை இன்னும் வீட்டில் பேசுகிறார்கள், பள்ளியில் படிக்கிறார்கள் என்பதால்தான் அது முடிகிறது. படிக்க ஆள் இல்லாத எழுத்து வெறும் கீறல்.

நாமோ 'வணக்கம்' என்பதைக்கூடக் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளில் தட்டிவிடுகிறோம். பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலிலும் புத்தகப் பையிலும் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே. அடுத்த முறை ஒட்டுத்தாள் எடுக்கும்போது அதன் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். போத்தல் தொலைந்தாலும் பரவாயில்லை. பிற்காலத்தில் யாராவது கண்டெடுத்து, "இது கவினின் போத்தல்" என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதட்டும்.